காற்றுக்கு ஏது பட்டா?

ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஜன்னலை இறக்கிவிடுவார்கள். முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் வாசலில் லாரிகளும் வேன்களும் ஒதுங்கி நிற்கும். ஓட்டுநர்கள் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருநீற்றை எடுக்க, பாதி நெற்றிக்குப் போகும், பாதி காற்றோடு போகும். இரண்டு கையாலும் பொத்திக் கொளுத்தினாலும் சூடம் நிற்பதில்லை. கோவிலைச் சுற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் கோபுரங்கள். பக்கத்தில் போய் நின்றால் ஒவ்வோர் இறக்கையும் தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் மூச்சு வாங்குவதுபோலக் கேட்கிறது. செய்தித்தாளில்தான் அது காற்றாலை. ஊரில் அது 'காத்தாடி'.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் காற்றை நம்பி எந்தத் திட்டமும் போட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. நொடிக்கு ஐந்து மீட்டரில் சோம்பிக் கிடக்கும் இயந்திரம் பத்து மீட்டரில் வேறு பிறவி எடுக்கிறது. எனவே காற்றாலைக்குத் தேவை, வருடம் முழுக்க மெல்ல வீசும் தென்றல் அல்ல. சில மாதங்களுக்காவது விடாமல் அடிக்கும் முரட்டுக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, மலையில் எங்கே வாசல் இருக்கிறதோ அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று அந்த வாசல்கள் மூன்று. தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பாலானவை இந்த வாசல்களின் எதிரில்தான் நிற்கின்றன. ராதாபுரம், பணகுடிப் பக்கத்து நிலங்களுக்கு மழையை மறுக்கும் அதே மலைதான் காற்றைக் கொடுக்கிறது. ஒரு கையால் பிடுங்கி மறு கையால் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கொடுத்தது யார் கைக்குப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

'நிலையான வளர்ச்சி' என்ற சொல்லுக்கு நார்வேயின் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987இல் ஒரு விளக்கம் தந்தது. வருங்காலத் தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்வதற்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்வது என்பது அதன் சாரம். 2015இல் ஐ.நா. வகுத்த பதினேழு இலக்குகளில் ஏழாவது, எல்லோருக்கும் கட்டுபடியாகும் விலையில் நம்பகமான, தூய எரிசக்தி. இந்த ஏழாவது இலக்கை மெகாவாட்டில் எண்ணிவிடலாம் என்பதால் அரசுகளுக்கு அது பிடிக்கும். ஆனால் காற்றாலை ஊன்றும் அதே நிலத்தில் முதல் இலக்கான வறுமை ஒழிப்பும் பத்தாவதான ஏற்றத்தாழ்வுக் குறைப்பும் பதினைந்தாவதான நிலத்து உயிர்களும் நிற்கின்றன. அவற்றை எண்ணுவதற்கு மீட்டர் கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பெரிய நல்லது. நல்ல சீசனில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஒரே நாளில் பத்துக் கோடி யூனிட்டைத் தாண்டுவது உண்டு. அந்தப் பத்துக் கோடி யூனிட்டை நிலக்கரியில் எடுப்பதாக இருந்தால், யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று வைத்தாலும் 70,000 டன் வேண்டும். சரக்கு ரயில் ஒன்று ஏறத்தாழ 4,000 டன் சுமக்கும். ஆக, பதினேழு பதினெட்டு ரயில்கள், ஒரே நாளைக்கு. யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு என்ற கணக்கில் ஒரு லட்சம் டன் வானத்துக்குப் போகாமல் நிற்கிறது. தண்ணீரையும் பார்க்க வேண்டும். குளிர்கோபுரம் வைத்த பழைய அனல்மின் நிலையங்கள் யூனிட்டுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று 2015இல் மத்திய அரசு வரம்பு வைத்தது. அந்த வரம்புப்படியே பார்த்தாலும் பத்துக் கோடி யூனிட்டுக்கு 35 கோடி லிட்டர் தண்ணீர் ஆகிறது. காற்றாலை ஒரு குடம் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. சாம்பல் மேடு இல்லை, கொசஸ்தலை ஆற்றில் கலக்கும் சாம்பல் கழிவும் இல்லை. அனல்மின் நிலையங்களின் பக்கத்தில் வாழும் எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்தக் காத்தாடிகளை நட்டவர்கள் யார்?

இந்தியாவில் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து மின்தொகுப்புக்குக் கொடுக்கும் முயற்சி 1986இல் தொடங்கியது. குஜராத், மகாராஷ்டிரக் கடற்கரைகளோடு நம் தூத்துக்குடிப் பக்கமும் அப்போது இடம்பெற்றது. ஒவ்வோர் இயந்திரமும் 55 கிலோவாட். இன்றைக்கு ஒரு சிறிய அரிசி ஆலையின் மோட்டார்கள் சேர்ந்தால் அவ்வளவு இருக்கும். அதுவரை அது அரசின் பரிசோதனை. தொண்ணூறுகளில் தனியார் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் அல்லர். கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள். நூற்பாலையின் செலவில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட் பில். காற்றாலை வைத்தால் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை கொடுத்தது. பின்னர் அது 80 விழுக்காடாகி, 2012இல் நின்று, 2014இல் திரும்பி வந்து, 2017இல் 40 விழுக்காடாகக் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காற்றாலைத் தொழில் ஒருமுறை குப்புற விழுந்து எழுந்தது.

இதைவிட முக்கியமான சலுகை மாநில மின்வாரியம் தந்தது. முப்பந்தலில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் கம்பி வழியாகவே கோவையிலுள்ள ஆலைக்குக் கொண்டுபோகலாம். ஆடியில் மிஞ்சியதைக் கணக்கில் போட்டுவைத்து மார்கழியில் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் 'பேங்கிங்' என்று பெயர். வங்கி என்றதும் எங்கோ மின்சாரம் சேர்ந்து கிடப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஜூலையில் ஆலைக்காரர் கொடுத்த யூனிட் அந்த நிமிடமே யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறியில் செலவழிந்துவிட்டது. ஜனவரியில் அவருக்குத் திருப்பிக் கொடுப்பது, வாரியம் நிலக்கரி எரித்தோ வெளியில் வாங்கியோ தரும் வேறு யூனிட். எல்லோரிடமும் நெல் குவிந்து கிடக்கும் தை மாதத்தில் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டு, ஐப்பசியில் ஒரு மூட்டையைத் திருப்பிக் கேட்பதுபோலத்தான். அதற்கு வாரியம் கட்டணம் கேட்டது, ஆலைகள் எதிர்த்தன, ஒழுங்குமுறை ஆணையம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று வழக்குகள் நடந்தன. 2018 மார்ச் மாதத்துக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு இந்த வசதியே இல்லை என்றானது.

வரிச் சலுகையைப் பழிப்பது எளிது. கோடிக்கணக்கில் லாபம் வைத்திருந்தவர்கள் வரியைத் தவிர்க்கக் காத்தாடி நட்டார்கள், அது சுற்றுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாடு பட்ட மின்வெட்டை அனுபவித்தவர்கள் மறுபக்கத்தையும் அறிவார்கள். சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத அந்த நாட்களில் பல ஆலைகள் கதவை மூடாமல் தப்பித்தது சொந்தக் காற்றாலையால். அங்கே வேலை பார்த்தவர்களின் சம்பளமும் அந்த இறக்கையில்தான் சுற்றியது. ஆக, கோவைக்கும் திருப்பூருக்கும் முப்பந்தலின் காற்று வளர்ச்சி கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை. காற்றாலையின் நிழல் விழும் ஊருக்கு அது கொடுத்தது நிலத்தை விற்ற பணமும் சில காவல்காரர் வேலைகளும் சாலைகளும். நிலம் ஒருமுறைதான் விலை போகும்.

இன்னொரு சிக்கல் இன்று பெரிதாக நிற்கிறது. முதலில் வந்தவர்களுக்கு முதல்தரமான இடம் கிடைத்தது. ஆனால் அன்று கிடைத்த இயந்திரம் 225, 250 கிலோவாட்தான். கோபுர உயரம் ஐம்பது மீட்டர்கூட இருக்காது. இன்று வரும் இயந்திரம் 3 மெகாவாட், கோபுரம் 120, 140 மீட்டர். உயரத்தில் காற்று வலுவானது, சீரானதும்கூட. ஆக, மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று மிகப் பலவீனமான இயந்திரங்களின் வசம் இருக்கிறது. புதியவை சுமாரான காற்றுள்ள இடங்களைத் தேடி அலைகின்றன. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஒரு பெரிய இயந்திரத்துக்கு இடம் விடப் பத்துப் பழைய இயந்திரங்கள் போக வேண்டும். பத்துக்கும் பத்து உரிமையாளர்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாக நிலம், நடுவே வேறொருவர் பட்டா. மாற்றினால் பழைய பேங்கிங் சலுகை போய்விடுமோ என்ற அச்சம் வேறு. 2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதே காலத்தில் நிறுவுதிறனில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் முந்திவிட்டது.

காற்றை விட்டு வெயிலுக்கு வருவோம். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஊர்கள் உண்டு: ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி, கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துப் பாவகடா. இரண்டும் வறண்ட பூமி.

கமுதியில் 2016 செப்டம்பரில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது. 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், 4,550 கோடி ரூபாய் செலவு. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரியமின் நிலையம் என்று அன்று பேசப்பட்டது. எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள், பாராட்டத்தான் வேண்டும். இங்கே நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. 'எதற்கும் உதவாத தரிசு' என்று அரசுக் காகிதங்களில் எழுதப்படும் நிலம் அது. அந்தச் சொல்லை எழுதியவர் ராமநாதபுரத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தால் எழுதியிருக்க மாட்டார். மழை தப்பாமல் பெய்த ஆண்டில் அங்கே முண்டு மிளகாய் விளையும். அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பருத்தி, மல்லி போடுவார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஆடு மேயும். அதுவும் இல்லாவிட்டால் சீமைக் கருவேலம் இருக்கிறது. அதை வெட்டி, அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள் கணக்கில் புகைய விட்டுக் கரிமூட்டம் போடுவார்கள். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும் பெண்கள் உண்டு. மூட்டம் பிரித்த பிறகு சல்லடையில் சலித்துச் சாக்கில் கட்டுவதும் அவர்களே. கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சும் சனியன் என்று நாம் திட்டுகிறோம். ஒரு துண்டு நிலமும் இல்லாதவருக்கு அது கூலி. வேலி போட்டுத் தகடு பதித்ததும் இந்த மூன்று வழியும் அடைபடுகின்றன. நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்தது. விற்க நிலமே இல்லாமல், அடுத்தவர் நிலத்தில் ஆடு மேய்த்தவருக்கும் விறகு வெட்டியவருக்கும் எந்தப் பத்திரத்திலும் இடமில்லை.

கமுதியின் இன்னொரு பத்திரம் மின்சார விலை. யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று மின்வாரியம் 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 2015இல் அது ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலைதான், விதி மீறல் எதுவுமில்லை. ஆனால் 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில், யார் குறைந்த விலைக்குத் தருவார் என்று நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு விலை. சந்தையில் விலை சரிந்துகொண்டே போகும் பொருளுக்குக் கால் நூற்றாண்டுக்கு ஒரே விலை பேசிக் கையெழுத்துப் போட்டால், மீதியைக் கட்டப்போகிறவர் வீட்டில் மீட்டர் வைத்திருக்கும் நுகர்வோரும் கடனில் தத்தளிக்கும் மின்வாரியமும்தான். 'கட்டுபடியாகும் விலை' என்ற ஏழாவது இலக்கு இங்கே ஒரு தேதியில் அடிபட்டது. முன்னால் ஓடியவர் கொடுத்த விலை என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கமுதி போன்ற பெரிய திட்டங்கள் வந்ததால்தான் விலையே இறங்கியது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் காத்திருந்து ஏலம் விட்டவர்களும் அதே இறக்கத்தின் பலனை அனுபவித்தார்கள்.

பாவகடாவில் வேறு மாதிரி செய்தார்கள். ஐந்து கிராமங்களில் 13,000 ஏக்கர். நிறுவுதிறன் 2,050 மெகாவாட். முதல் கட்டம் 2018 மார்ச்சில் திறக்கப்பட்டது. இவ்வளவு நிலத்தில் அரசு ஒரு ஏக்கரையும் விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்கவில்லை. மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி ஒன்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடு உயரும். குத்தகைக் காலம் 28 ஆண்டு. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். அந்த வட்டாரத்தில் நல்ல மழை என்பதே அரிது. நிலக்கடலை போட்டுக் கடன்பட்டு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு ஐந்து ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். ஆசியாவில் எத்தனையோ இடங்களில் திட்டத்துக்காக நிலம் பறிபோன கதைகளைக் கேட்டவர்களுக்கு இது நம்ப முடியாத ஏற்பாடாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

பிறகு குத்தகைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு என்பது ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கும் குறைவு. விலைவாசி அதைவிட வேகமாக ஏறினால் குத்தகையின் உண்மை மதிப்பு ஒவ்வோர் ஆண்டும் கரையும். பதினைந்து ஆண்டு கழித்து அந்த ஒரு லட்சம் என்ன வாங்கும் என்பதைக் கையெழுத்துப் போட்டவர் அன்று யோசித்திருக்க வாய்ப்பில்லை. அடுத்தது, குத்தகை பட்டாதாரரின் கணக்குக்குப் போகிறது. பத்து ஏக்கர்காரருக்குப் பத்துப் பங்கு, ஒரு ஏக்கர்காரருக்கு ஒரு பங்கு. கடலை பறித்தும் களை எடுத்தும் பிழைத்தவர்களுக்குப் பங்கு கிடையாது. பறிக்கக் கடலையும் கிடையாது. சூரியமின் பூங்காவில் புல் வெட்டுவதும் தகடு கழுவுவதும் காவல் காப்பதும் அவர்களுக்குக் கிடைத்த வேலைகள். ஆனால் 13,000 ஏக்கர் விவசாயம் கேட்கும் ஆட்களைத் தகடு கேட்பதில்லை. தகட்டின் பெருமையே அதுதானே, சும்மா கிடந்து வேலை செய்யும். ஆடு மேய்த்தவர்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு தொலைதூரம் போக வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பிறகும், கமுதியா பாவகடாவா என்று கேட்டால் நான் பாவகடாவைத்தான் சொல்வேன். நிலம் கையை விட்டுப் போகவில்லை. ஒப்பந்தத்தில் நிலமற்றவருக்கும் ஒரு வரி எழுதியிருந்தால், உதாரணத்துக்கு யூனிட்டுக்கு ஒரு காசு ஊராட்சிக்கு என்று, அதை நடைமுறைப்படுத்த எந்தத் தொழில்நுட்பமும் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்காது.

ஊராட்சி என்றதும் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைச் சொல்லாமல் போக முடியாது. பலமுறை எழுதப்பட்ட ஊர்தான். ஆனால் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை ஓர் அதிசயமாகவே எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உண்மையில் அது ஒரு கணக்குப் புத்தகம். 1996 முதல் பத்து ஆண்டு ஊராட்சித் தலைவராக இருந்த சண்முகம் காலத்தில் எல்லா வீட்டுக்கும் குடிநீர் என்று திட்டம் போட்டார்கள். பவானி ஆற்றிலிருந்து தண்ணீரை ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். மாதா மாதம் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. வரவில் பெரும்பகுதியை மின்வாரியத்துக்குக் கட்டிவிட்டால் ஊராட்சி எதைச் செய்யும்? முதலில் விறகுக் கழிவை எரிவாயுவாக்கி மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு, நூற்பாலைக்காரர்கள் செய்ததை ஊராட்சி ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி வந்தது. 2006இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில், பாலக்காட்டு வாசல் வழியாக வரும் காற்றின் பாதையில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி சொந்தமாக நிறுவியது. ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி. செலவு ஒரு கோடியே 55 லட்சம்: கையிருப்பு 40 லட்சம், வங்கிக் கடன் ஒரு கோடியே 15 லட்சம்.

ஆண்டுக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் வந்தது. ஊராட்சிக்குத் தேவை நாலரை லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை. கரண்ட் பில் தொல்லையும் போய், வங்கிக் கடனும் அடைந்து, வருமானமும் வந்தது. 350 கிலோவாட் இயந்திரம் ஓராண்டு நிற்காமல் முழுத் திறனில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் தர வேண்டும். கிடைத்தது அதில் ஐந்தில் ஒன்றை ஒட்டியதுதான். அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு அது சாதாரணம். காற்று அதிசயம் எதுவும் செய்யவில்லை. தமிழ்நாட்டில் அன்று எல்லா ஆலைக்காரருக்கும் கிடைத்த அதே காற்று, அதே கம்பி, அதே விதி. உரிமையாளர் கட்டத்தில் எழுதியிருந்த பெயர் மட்டும் வேறு.

அப்படியானால் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் ஓடந்துறை ஏன் தொற்றவில்லை? ஒரு காரணம் இயந்திரம். 350 கிலோவாட் இயந்திரத்தை இன்று புதிதாக வாங்குவது கடினம். சந்தையில் இருப்பதெல்லாம் 2, 3 மெகாவாட். ஊராட்சிக் கையிருப்பில் அதன் ஓர் இறக்கை வாங்க முடியுமா என்பதே சந்தேகம். இன்னொரு காரணம் விதிகள் மாறிய விதம். ஆணையம் நிர்ணயித்த விலைக்குச் சிறிய உரிமையாளரும் விற்ற காலம் போய், 2017இலிருந்து ஏலம் வந்தது. ஏலம் விலையைக் குறைத்தது, நுகர்வோருக்கு நல்லது. ஆனால் ஏலத்தில் நிற்க நூறு மெகாவாட் பசி வேண்டும். பல ஊராட்சிகள் கூட்டாகச் சேர்ந்து ஓர் இயந்திரத்தில் பங்கு வாங்க வழி செய்திருக்கலாம். டென்மார்க்கில் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து காற்றாலை வைத்தது எழுபதுகளின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. பால் கூட்டுறவை ஊர் ஊராக நடத்தத் தெரிந்த நமக்கு அந்த யோசனை அந்நியமானதும் அல்ல.

மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அது நடந்து போகும் பாதையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். தெற்கில் காற்று, மேற்கிலும் வடக்கிலும் தொழிற்சாலை. நடுவே கம்பி போதாமல், காற்று நன்றாக அடிக்கும் நேரத்திலேயே காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன ஆண்டுகள் உண்டு. காற்று, சூரிய மின்சாரத்தை எப்போதும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தும் அப்படி நடந்தது. அதற்காகத்தான் ஜெர்மன் வங்கிக் கடனுதவியோடு பசுமை மின்வழித்தடம், கயத்தாறில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் எல்லாம் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 1,765 கிலோமீட்டர் நீளத்துக்கு 6,000 மெகாவாட் கடத்தும் பாதையும் 2021இல் முழுமையடைந்தது. வடக்கத்திய நிலக்கரி மின்சாரத்தை இங்கே கொண்டுவரப் போட்ட கம்பி அது. தெற்கில் காற்று பெருகும்போது எதிர்த்திசையிலும் அனுப்பலாம்.

அந்தக் கோபுரங்கள் கொங்கு நாட்டுத் தென்னந்தோப்புகளில் இறங்கியபோது விவசாயிகள் வயலில் படுத்துத் தடுத்தார்கள். 2018 டிசம்பரில் பல மாவட்டங்களில் உண்ணாவிரதம் நடந்தது. காரணம் மிக எளிது. கோபுரத்துக்கு நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதில்லை. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும், ஆனால் கம்பிக்குக் கீழே பல மீட்டர் அகலத்துக்குத் தென்னை வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது. இந்த அதிகாரத்துக்கு ஆதாரமாக இருந்தது தந்திக்கம்பம் நட வெள்ளைக்காரன் போட்ட 1885ஆம் ஆண்டுச் சட்டம். தந்தி அடிப்பதே நின்றுபோன பிறகும் அந்தச் சட்டம் தென்னை மரத்தை வெட்டிக்கொண்டிருந்தது. 2015 வழிகாட்டுதலின்படி கோபுரம் நிற்கும் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிப் பாதைக்கு 15 விழுக்காடு வரையிலும் இழப்பீடு. 2024 ஜூனில் அதை முறையே 200, 30 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். போராடியவர்களுக்குக் கோபுரம் வந்த பிறகுதான் இந்த உயர்வு வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதையின் வேறொரு வடிவம் ஓடுகிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் 'தம்பபவனி' திட்டத்தை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கட்டி 2020 டிசம்பரில் திறந்தது. எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் 2022இல் நாடே இருண்டு கிடந்ததை நினைத்தால், மன்னார்க் காற்று இலங்கைக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது புரியும். ஆனால் அந்தத் தீவு மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழி. மீனவர்களின் வாடிகள், அதாவது கரையோரக் குடிசைகள், நிற்கும் கரையும் அதுவே. காற்றாலைக்குப் போட்ட பாதைகளும் அடித்தளங்களும் மழைநீர் கடலுக்கு வடிவதைத் தடுத்து ஊருக்குள் வெள்ளம் தேங்குகிறது என்பது மன்னார் மக்களின் முறைப்பாடு. அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்தோடு பேசிய திட்டம் சுற்றுச்சூழல் வழக்குகளையும் விலைத் தகராறையும் சந்தித்தது. புதிய அரசு விலையை மறுபடி பேச முற்பட்டபோது 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதன் பிறகும் வேறு காற்றாலைகளுக்கான வேலை தொடர, 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். காற்றாலையை எதிர்க்கும் தமிழன் முட்டாள் என்று எழுதிய சில பதிவுகளைப் பார்த்தேன். தன் முற்றத்தில் தண்ணீர் வடியுமா என்று கேட்பவனை அப்படி அழைப்பதற்கு, குறைந்தபட்சம் ஒரு மழைக்காலமாவது அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு மேல் வெயில் இல்லை, பங்குனியில் காற்று இல்லை என்ற பழைய ஆட்சேபம் ஒன்று பாக்கி. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது; அந்த மாதத்தில் காற்று சீசன் அப்போதுதான் கண் விழிக்கும். மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை நிலையம், 400 மெகாவாட், எண்பதுகளின் கடைசியிலிருந்து ஆனைமலையில் இருக்கிறது. இதற்கடுத்ததாகக் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போகிறது. மின்கலங்கள் மலிவாகி வருகின்றன. எனவே இந்தச் சிக்கல் பணத்தாலும் நேரத்தாலும் தீரக்கூடியதுதான். பத்திரத்தில் எழுதாமல் விட்டதைப் பின்னால் சேர்ப்பது அதைவிடக் கடினம்.

இப்போது முதல் தலைமுறை இயந்திரங்களுக்கு வயதாகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுதான் காற்றாலையின் ஆயுள். ஓடந்துறையின் காற்றாலைக்கே 2026இல் இருபது. கோபுரத்து இரும்பையும் ஜெனரேட்டர் செம்பையும் எடைக்குப் போடலாம். இறக்கை கண்ணாடி இழையும் பிசினும் கலந்தது, உருக்க முடியாது, அறுத்துத்தான் போட வேண்டும். சூரியத் தகடுகளுக்கு 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் ஒரு வழி சொல்கின்றன. தகடு தயாரிப்பவர்கள் கழிவை 2034–35 வரை சேமித்து வைக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

பாவகடாவில் நாற்பத்தைந்து வயதில் கையெழுத்துப் போட்ட விவசாயிக்கு 28 ஆண்டுக் குத்தகை முடியும்போது வயது எழுபத்து மூன்று. நிலத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளப் போவது அநேகமாக அவருடைய பேரனாக இருக்கும். கடலைக் கொடியைக் கண்ணால் பார்த்திராத பேரன். தூண்களையும் கான்கிரீட்டையும் பிடுங்கிய பிறகு, 13,000 ஏக்கர் வெட்டவெளியில் தாத்தாவின் ஐந்து ஏக்கர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டச் சர்வேயரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.